போகாத சாஃப்ட்வேரை மறுபடியும் போடுங்கள்

வீட்டுக் கணினியிலிருந்து ஒரு சாஃப்ட்வேரை எடுக்கப் போகிறோம். அன்இன்ஸ்டால் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. அல்லது பச்சைக் கோடு பாதி வரை ஓடி நின்றுவிடுகிறது. அல்லது ஏதோ ஒரு எண்ணோடு பிழைச் செய்தி வருகிறது. ஓகே கொடுத்தால் எல்லாம் பழையபடியே இருக்கிறது. இந்த இடத்தில் நம் ஊரில் மூன்று வைத்தியங்கள் வழக்கத்தில் இருக்கின்றன. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய் அந்த ஃபோல்டரையே டெலீட் செய்வது. இணையத்தில் தேடி ஏதாவது ஒரு கிளீனரை இறக்கி ஓட்டுவது. இரண்டும் சரிப்படாவிட்டால் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் 'ஃபார்மேட் போட்டுடுங்க' என்று சொல்லிவிடுவது. முதலாவது வைத்தியம் நோயைக் கூட்டும். மற்ற இரண்டும் கடைசியாக எடுக்க வேண்டிய ஆயுதங்கள். முதலில் செய்ய வேண்டிய காரியம் கேட்பதற்குக் கொஞ்சம் கிறுக்குத்தனமாக இருக்கும்: போக மறுக்கும் சாஃப்ட்வேரை, அதே பதிப்பை, அதே இடத்தில் மறுபடியும் இன்ஸ்டால் செய்துவிட்டு, அப்புறம் நீக்குங்கள். இது ஏன் பலிக்கிறது என்று புரிய வேண்டுமானால், அன்இன்ஸ்டால் வேலையை உண்மையில் யார் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதியிலோ பழைய கன்ட்ரோல் பேனலிலோ நாம் பார்க்கும் பட்டியலை, விண்டோஸ் நம் டிஸ்க்கைத் துழாவித் தயாரித்ததாக நினைத்துக்கொள்கிறோம். விண்டோஸ் அப்படி எதையும் துழாவுவதில்லை. விண்டோஸ் 95 காலத்தில் வந்த ஏற்பாடு ஒன்று இன்றைக்கும் நீடிக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அன்இன்ஸ்டால் என்ற பெயரில் ஒரு கிளை இருக்கிறது. இன்ஸ்டால் ஆகும் சாஃப்ட்வேர் அங்கே தனக்கென ஒரு குறிப்பை எழுதி வைக்கும்: தன் பெயர், பதிப்பு எண், தயாரித்த நிறுவனம், அதோடு 'அன்இன்ஸ்டால் ஸ்ட்ரிங்' என்று ஒரு வரி. அந்த வரியில் இருப்பது வெறும் கட்டளை. என்னை நீக்க வேண்டுமானால் இந்த ஃபோல்டரில் உள்ள இந்த நிரலை ஓட்டு என்கிறது, அவ்வளவுதான். நாம் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் அந்த வரியைப் படித்து, அந்த நிரலைக் கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எதை அழிப்பது, எதை விட்டுவைப்பது, எந்த வரிசையில் செய்வது எல்லாம் அந்த சாஃப்ட்வேரை எழுதியவரின் பொறுப்பு. காலி செய்யும் வாடகைதாரர் கையிலேயே துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் தெருவில் நிற்கிற ஏற்பாடு இது. வாடகைதாரருக்கு உடம்பு சரியில்லை என்றால் வீடு காலியாகாது.

ஃபோல்டரை டெலீட் செய்வது ஏன் மோசமான முதலடி என்பது இங்கேயே தெரிந்துவிடும். நீக்க வேண்டிய நிரல் பெரும்பாலும் அந்த ஃபோல்டருக்குள்தான் குடியிருக்கிறது. சின்ன நிறுவனங்களும் தனி ஆட்களும் எழுதும் எத்தனையோ சாஃப்ட்வேர்கள் 'இன்னோ செட்டப்' என்ற இலவசக் கருவியால் பொதி கட்டப்பட்டவை. அப்படிப்பட்ட ஒரு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். 'யுனின்ஸ்000' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று ஓடக்கூடிய நிரல். மற்றது டிஏடி என்று முடியும் கோப்பு. இன்ஸ்டால் ஆனபோது எந்தக் கோப்பு எங்கே வைக்கப்பட்டது, ரெஜிஸ்ட்ரியில் என்ன எழுதப்பட்டது, எந்தக் குறுக்குவழி டெஸ்க்டாப்பில் போடப்பட்டது என்ற கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. நிரல் அந்தக் கணக்கைப் பின்னாலிருந்து முன்னால் படித்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வரும். கணக்கு தொலைந்துபோனால் நிரலுக்கு எதுவும் தெரியாது. நீக்க முடியாது என்று சொல்லி நின்றுவிடும். இரண்டையுமே நாம் அழித்திருந்தால், 'இது ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கலாம், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடவா' என்கிற மாதிரி விண்டோஸ் கேட்கும். ஆம் என்றால் பெயர் மறைந்துவிடும், நாமும் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் அந்த சாஃப்ட்வேர் வேறு இடங்களில் வைத்த சர்வீஸ், டிரைவர், ஆட்டோமேட்டிக்காகத் தொடங்கும் வரிகள் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கும். இப்போது அவற்றை எடுக்கத் தெரிந்த ஒரே ஆளையும் நாமே அனுப்பிவைத்துவிட்டோம்.

பெரிய நிறுவனங்களின் கதை கொஞ்சம் வேறு. ஆஃபீஸ் 2000 வெளிவந்த 1999-ஐ ஒட்டி மைக்ரோசாஃப்ட் 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' என்ற பொதுச் சேவையைக் கொண்டுவந்தது. எம்எஸ்ஐ என்று முடியும் கோப்புகள் அதன் வழியாக இன்ஸ்டால் ஆகின்றன. இங்கே அழிக்கும் வேலையை விண்டோஸே செய்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் எதை அழிப்பது என்ற குறிப்பு அந்த எம்எஸ்ஐ கோப்புக்குள்தான் இருக்கிறது. அதனால் இன்ஸ்டால் ஆகும்போதே ஒரு பிரதி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'இன்ஸ்டாலர்' என்ற மறைவான ஃபோல்டரில் எழுத்தும் எண்ணும் கலந்த அர்த்தமில்லாத பெயரோடு பத்திரப்படுத்தப்படும். சி டிரைவில் இடம் போதாமல் தேடுகிறவர்களின் கண்ணில் இந்த ஃபோல்டர் பல ஜிபி அளவில் படும். 'சும்மா கிடக்கிற குப்பை' என்று காலி செய்துவிடுவார்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆறு மாதம் கழித்து எதையாவது நீக்கவோ அப்டேட் செய்யவோ போகும்போது 1612 என்ற பிழை வரும்: இன்ஸ்டால் செய்த மூலக் கோப்பு கிடைக்கவில்லை. இதற்கு எந்தக் கிளீனரும் பதிலாகாது. அதே பதிப்பின் எம்எஸ்ஐ கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தால், குறிப்பு திரும்பக் கிடைத்துவிட்டதால் நீக்கம் நடக்கும்.

இரண்டு வகையிலும் நோய் ஒன்றுதான்: நீக்கத் தெரிந்த பகுதி ஊனப்பட்டுப் போயிருக்கிறது. அதை முழுதாகத் திருப்பி வைக்க இருப்பதிலேயே பத்திரமான வழி, அதை முதலில் வைத்த இன்ஸ்டாலரையே மறுபடி ஓட்டுவது. அது விட்டுப்போன கோப்புகளை வைக்கும், கணக்கை மறுபடி எழுதும், ரெஜிஸ்ட்ரி வரியைச் சரிசெய்யும். பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே பதிப்பு எண் இருக்கும். அதைப் பார்த்து, தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து அதே பதிப்பை எடுங்கள். சிலவற்றுக்கு 'ரிப்பேர்' அல்லது 'மாடிஃபை' என்ற தேர்வு பட்டியலிலேயே இருக்கும், இறக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இதைச் செய்வதற்கு முன் ஒரே ஒரு சோதனை: கணினியை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஷட்டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்வது இதற்கு ஈடாகாது. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதி இருப்பதால் ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்கரு முழுமையாக மூடப்படாமல் டிஸ்க்கில் சேமிக்கப்படுகிறது. பயன்பாட்டில் இருந்ததால் அழிக்க முடியாமல் 'அடுத்த தொடக்கத்தில் அழி' என்று குறித்துவைத்த கோப்புகள் ரீஸ்டார்ட்டில்தான் அழியும். 1618 என்ற பிழை, அதாவது வேறொரு இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி, பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும். டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் சின்ன ஐகானாக உட்கார்ந்திருக்கும் தமிழ்த் தட்டச்சு சாஃப்ட்வேர்கள், பிரின்டர் துணை நிரல்கள் போன்றவற்றை முதலில் அங்கிருந்து வெளியேற்றிவிட்டு நீக்குங்கள். ஓடுகிற நிரலின் கோப்பை விண்டோஸ் அழிக்க விடாது. சேஃப் மோடில் போய்ச் செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். எம்எஸ்ஐ வகைக்கு அது உதவாது. சேஃப் மோடில் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை வழக்கமாக ஓடுவதே இல்லை.

பழைய இன்ஸ்டாலர் கிடைக்கவில்லை, நிறுவனமே மூடிவிட்டது, அப்போது என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்காக மைக்ரோசாஃப்டே 'புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் டிரபிள்ஷூட்டர்' என்ற சிறு கருவியை இலவசமாகத் தருகிறது. பட்டியலில் பெயரைத் தேர்ந்தெடுத்தால், பழுதான பதிவுகளைச் சரிசெய்து நீக்கிப் பார்க்கும். இதற்கு முன்னோடியாக 'விண்டோஸ் இன்ஸ்டாலர் கிளீன்அப்' என்று ஒன்று இருந்தது. கணினி தெரிந்தவர்கள் எல்லோரும் கையில் வைத்திருந்த கருவி. 2010-ல் மைக்ரோசாஃப்ட் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒன்றை நீக்கப் போய், கணினியில் உள்ள வேறு பாகங்களைக் கெடுக்கிறது என்பதுதான் காரணம். தயாரித்தவரே தன் கருவியை ஆபத்தானது என்று ஓரங்கட்டிய பிறகும், அதே வேலையை இன்னும் துணிச்சலாகச் செய்யும் வெளியார் கருவிகளை நாம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறோம்.

இங்கேதான் பலமான மறுப்பு வரும். 'ரெவோ மாதிரி கருவிகள் நன்றாகத்தானே வேலை செய்கின்றன? ஃபோல்டர், ரெஜிஸ்ட்ரி எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிடுகின்றனவே.' வேலை செய்கின்றன, மறுக்கவில்லை. அவையும் முதலில் சாஃப்ட்வேரின் சொந்த நிரலைத்தான் ஓட்டுகின்றன. அது முடிந்த பிறகு மிச்சம் மீதியைத் தேடுகின்றன. தேடுவது எப்படி? இன்ஸ்டால் ஆகும்போதே கூட இருந்து கண்காணித்திருந்தால் ஒழிய, பெயரையும் பாதையையும் வைத்து ஊகிப்பதுதான். ஒரே நிறுவனத்தின் இரண்டு சாஃப்ட்வேர்கள் உங்களிடம் இருந்தால் அந்த ஊகம் தடுக்கி விழ இடம் உண்டு. பட்டியலில் 'விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்று 2005, 2008, 2010 எனப் பல வருடங்களின் பெயரில் வரிசையாக நிற்பவற்றைப் பார்த்திருப்பீர்கள். ஒரே சாமான் ஏழெட்டு தடவை ஏறியிருக்கிறது என்று நினைத்து நீக்குகிறவர்கள் உண்டு. அவை ஒவ்வொன்றும் வேறு வேறு சாஃப்ட்வேர்களுக்கு அடித்தளம். எடுத்துவிட்டால் நேற்று வரை ஓடிய விளையாட்டோ கணக்கு சாஃப்ட்வேரோ ஒரு டிஎல்எல் கோப்பு காணவில்லை என்று சொல்லித் திறக்க மறுக்கும். யார் யாரை நம்பி நிற்கிறார்கள் என்பது பெயரைப் பார்த்துத் தெரியாது. ஊகத்தால் நீக்கும் கருவியிடம் எல்லாவற்றையும் டிக் செய்து 'டெலீட் ஆல்' கொடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

'அதெல்லாம் சரி, மிச்சம் கிடந்தால் கணினி ஸ்லோ ஆகுமே?' அன்இன்ஸ்டால் பற்றிய பேச்சில் அதிகம் விலை போகும் சரக்கு இந்தப் பயம்தான். ரெஜிஸ்ட்ரியில் லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கின்றன. அவற்றை ஒரு நிரல் வரிசையாக முதலிலிருந்து கடைசி வரை படிப்பதில்லை. தனக்கு வேண்டிய பதிவை அதன் முழுப் பாதையைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறது. யாரும் கேட்காத நூறு பதிவுகள் ஓரத்தில் கிடந்தால் அதற்காக எதுவும் தாமதமாவதில்லை. யாரும் திறக்காத ஒரு ஃபோல்டர் இடத்தை அடைக்கும், வேகத்தைத் தொடாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பயன்படுத்துவதைத் தாங்கள் ஆதரிக்கவில்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுத்தில் அறிவித்திருக்கிறது. அவற்றால் வரும் பழுது விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யும் அளவுக்குப் போகலாம் என்றும் எச்சரிக்கிறது. கிளீனர் என்றாலே முதலில் நினைவுக்கு வரும் சிகிளீனருக்கு 2017-ல் என்ன ஆனது என்று தெரிந்திருக்கும்: அதன் 5.33 பதிப்புக்குள் ஹேக்கர்கள் தீங்கு நிரலைப் புகுத்திவிட்டார்கள், ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே அது விநியோகமானது. சுத்தம் செய்யும் கருவிக்குக் கணினியின் எல்லா அறைக்கும் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்பதை அந்தச் சம்பவம் ஞாபகப்படுத்தியது.

ஆனால் மிச்சங்கள் எல்லாமே சாது என்று நான் வாதாடினால் அது பொய். இங்கே ஒரு பாகுபாடு வேண்டும். சும்மா கிடக்கும் மிச்சம் ஒன்று, ஓடிக்கொண்டோ நம்பப்பட்டுக்கொண்டோ இருக்கும் மிச்சம் இன்னொன்று. லெனோவா 2014 வாக்கில் சில மடிக்கணினிகளில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர சாஃப்ட்வேரை ஏற்றி விற்றது. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்ததும் பலர் அதை அன்இன்ஸ்டால் செய்தார்கள். அன்இன்ஸ்டால் ஒழுங்காகவே நடந்தது. பட்டியலில் பெயர் இல்லை. ஆனால் அது விண்டோஸில் பதித்திருந்த ரூட் சான்றிதழ் அப்படியே இருந்தது. அந்தச் சான்றிதழின் ரகசியச் சாவியோ ஏற்கெனவே உடைக்கப்பட்டு ஊருக்கே தெரிந்துவிட்டது. அதாவது, போலி வங்கித் தளத்தை அசல் என்று அந்தக் கணினி நம்பும். லெனோவா பிறகு தனியாக ஒரு நீக்கும் கருவி கொடுக்க வேண்டிவந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பே, 2005-ல் சோனி பிஎம்ஜி இசை வட்டுகளில் வந்த நகல் தடுப்பு சாஃப்ட்வேர் இன்னும் ஒரு படி மேலே போனது: பட்டியலில் பெயரே இல்லை, தன் கோப்புகளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டது. விண்டோஸ் நிபுணர் மார்க் ரஸ்ஸினோவிச் அதைக் கண்டுபிடித்துக் கையால் அழித்தபோது சிடி டிரைவே காணாமல் போனது. அந்த டிரைவுக்கு நடுவில் தன் டிரைவரைச் செருகி வைத்திருந்தது அது. பிறகு நிறுவனம் இணையம் வழியாகக் கொடுத்த நீக்கும் கருவி, எந்த வலைத்தளமும் கணினிக்குள் புகுந்து நிரல் ஓட்டக்கூடிய ஓட்டையை விட்டுச் சென்றது.

அதனால் தேட வேண்டிய மிச்சம் இவைதான்: தானாகத் தொடங்கும் நிரல்கள், சர்வீஸ்கள், டிரைவர்கள், டாஸ்க் ஷெட்யூலரில் உள்ள வேலைகள், பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள், பிராக்ஸி அமைப்பு, சான்றிதழ்கள். முதல் நான்கையும் ஒரே இடத்தில் காட்ட, அதே ரஸ்ஸினோவிச்சின் 'ஆட்டோரன்ஸ்' கருவி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசம். கோப்பு இல்லாமல் தொங்கும் வரிகளை மஞ்சள் நிறத்தில் காட்டும். அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் அருமை: ஏதாவது கெட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஆன்டிவைரஸ் சாஃப்ட்வேர்கள் இதில் தனி ஜாதி. வைரஸ் தன்னை அழித்துவிடக் கூடாது என்பதற்காக அவை தங்கள் கோப்புகளைத் தாங்களே காக்கின்றன. அந்தக் காவல் உங்களையும் சேர்த்துத்தான் தடுக்கும். அதனால்தான் நார்ட்டன், மெக்கஃபி, அவாஸ்ட், காஸ்பர்ஸ்கி என்று எல்லோரும் தங்களுக்கென்று தனி நீக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். அதைத் தயாரித்தவர் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போகும்படி அன்இன்ஸ்டாலரை எழுதினால் என்ன குறைந்துவிடும் என்பவர்களுக்கு, 1998 கடைசியில் வந்த 'மித் 2' விளையாட்டைச் சொல்லலாம். அதன் அன்இன்ஸ்டாலர் தான் இருந்த ஃபோல்டரை உள்ளே இருப்பவை அனைத்தோடும் அழித்தது. யாராவது டிரைவின் முதல் மட்டத்திலேயே விளையாட்டை இன்ஸ்டால் செய்திருந்தால் அழிவது முழு டிரைவ். அதைத் தயாரித்த பங்கி நிறுவனம் அச்சான வட்டுகளைத் திரும்பப் பெற்றது. 2001-ல் 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' விளையாட்டின் அன்இன்ஸ்டாலர் விண்டோஸின் சொந்தக் கோப்புகளிலேயே கை வைத்தது. இந்த அனுபவங்களுக்குப் பிறகு, தான் வைத்ததாகக் கணக்கில் இருப்பதை மட்டும் எடு, மற்றதைத் தொடாதே என்பது எழுதுகிறவர்களிடம் வழக்கமாகிவிட்டது. நீங்கள் சேமித்த கோப்புகள், அமைப்புகள் ஆகியவை ஆப்டேட்டா ஃபோல்டரில் மிஞ்சுவது பெரும்பாலும் அந்த முன்ஜாக்கிரதையால்தான். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

மறுபடி இன்ஸ்டால் செய்யும் வழி பொருந்தாத இடமும் உண்டு. தீங்கு நிரல், கேட்காமல் ஏறிய விளம்பரச் சரக்கு, எங்கிருந்து வந்தது என்றே தெரியாதது, கிராக் செய்யப்பட்ட சாஃப்ட்வேர் ஆகியவற்றை இன்னொரு முறை கூப்பிட்டு உட்கார வைப்பது பைத்தியக்காரத்தனம். அவற்றுக்கு வைரஸ் ஸ்கேனர்தான் சரி. விண்டோஸ் 8 முதல் ஸ்டோர் வழியாக வரும் செயலிகளுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே எதை எங்கே வைப்பது என்பதை விண்டோஸே தீர்மானிப்பதால் எடுப்பதையும் அதுவே செய்கிறது. ஃபோனில் செயலியை நீக்குவது இவ்வளவு சுலபமாக இருப்பதும் இதே காரணத்தால்தான். 'அப்படியென்றால் குற்றவாளி மைக்ரோசாஃப்ட் தானே, நம்மிடம் எதற்கு உபதேசம்?' என்றால், பாதி சரி. நீக்கும் பட்டனை யார் கையில் கொடுப்பது என்பதில் அந்த நிறுவனத்தின் சரித்திரம் அழகானதல்ல. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நீக்கும் பட்டியலில் சேர்க்காமல் விட்டதும் போட்டிக்கு எதிரான செயலே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001-ல் சொல்லியிருக்கிறது. எட்ஜ் பிரவுசரை நீக்கும் வசதி ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு 2024-ல் கிடைத்ததும் அங்கே சட்டம் வந்த பிறகுதான். ஆனால் இந்தக் கோபம் இன்றைக்கு நம் மேஜையில் நிற்கும் 1612-ஐத் தீர்க்காது. முப்பது வருடமாக எழுதப்பட்ட பழைய சாஃப்ட்வேர்கள் பழைய ஏற்பாட்டிலேயே ஓடுகின்றன, அவை ஓட வேண்டும் என்றுதான் நாமும் விரும்புகிறோம்.

கடைசியாக ஃபார்மேட். விண்டோஸே திறக்கவில்லை, அல்லது தீங்கு நிரல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்றே தெரியவில்லை என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அங்கே அதுதான் நேர்மையான வைத்தியம். ஒரு பிரின்டர் சாஃப்ட்வேர் போகவில்லை என்பதற்காக, மகளின் பரீட்சைக் குறிப்புகள், வருமான வரிக் கோப்புகள், மறந்துபோன பாஸ்வேர்டுகள் சேர்ந்த ஒரு டிரைவைத் துடைப்பது வேறு விஷயம். கடைக்காரருக்கு அது ஒரு மணி நேர வேலை. அதன் பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி உட்கார்ந்திருக்கப் போவது நீங்கள். அடுத்த முறை 'ஃபார்மேட் போட்டாத்தான் சார் சரியாகும்' என்று சொன்னால், பிழைச் செய்தியில் என்ன எண் வந்தது, அதே பதிப்பை மறுபடி இன்ஸ்டால் செய்து பார்த்தீர்களா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் கணினியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.